முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. வலது முட்டிக்கு அடுத்த மாதம் மாற்று அறுவை சிகிச்சை. சர்க்கரை இருக்கிறது, பல வருடமாக இடுப்பு வலியும் உண்டு. ஆபரேஷன் முடிந்த நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். 'எங்கள் வீட்டில் யாருக்கும் நர்ஸிங் தெரியாது, எப்படிச் சமாளிப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் எலும்பு வார்டில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். பயப்படாதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரின் வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த முட்டி முழுசாக நீளுமா, நன்றாக மடங்குமா என்பது அடுத்த ஆறு வாரத்தில் உங்கள் வீட்டில்தான் முடிவாகும். அந்த ஆறு வாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டாரின் பாசம். 'பாவம், வலிக்குது, ரெண்டு நாள் படுத்திருக்கட்டும்' என்று சொல்லிச் சொல்லியே முட்டியை இறுக விட்டுவிடுவார்கள்.

நடந்தால் உள்ளே வைத்தது கழன்றுவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். முட்டி மாற்று என்றால் முட்டியையே வெட்டி எடுத்துவிட்டு வேறு வைப்பதில்லை. தொடை எலும்பின் அடி முனையிலும் கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பரப்பை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டு, அங்கே உலோகத்தைப் பொருத்தி, நடுவில் பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைப்பார்கள். உலோகத்தை எலும்போடு பிடித்துவைக்கும் எலும்பு சிமென்ட் ஆபரேஷன் டேபிளிலேயே இறுகிவிடும். அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். வலிப்பது வெட்டித் தைத்த தோலும் தசையும். அந்த வலி உண்மையானது, நிறையவே இருக்கும். ஆனால் அந்த வலியோடு நடப்பதால் உள்ளே எதுவும் உடையாது.

ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால் முன்கூட்டியே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சர்க்கரைதான் முதல் வேலை. அன்றைக்குக் காலையில் எடுக்கும் ரத்தச் சர்க்கரை மட்டும் போதாது, மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். அது 8-ஐத் தாண்டியிருந்தால் பல டாக்டர்கள் ஆபரேஷனையே தள்ளிவைப்பார்கள், அது சரியான முடிவும்கூட. புதிதாக வைத்த உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் விரட்டுவது மிகவும் கஷ்டம். அதனால் சொத்தைப் பல், நீர்க்கடுப்பு, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காலில் இருக்கும் முடியை வீட்டில் ரேஸரால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி உள்ளே போக. சாப்பிடும் மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் எந்த நாளில் நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டையும் இப்போதே தயார் செய்யுங்கள். இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள், இனி குத்த வைத்து உட்கார வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். கைப்பிடி உள்ள, கொஞ்சம் உயரமான, ஆடாத நாற்காலி ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், எழும்போது வழுக்கும். கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். நைட்டி தரையைத் தொட்டால் இரண்டு விரல் மடித்துத் தைத்துவிடுங்கள். வார்டில் இருந்தவரை விழாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் நைட்டி தடுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் மருத்துவ வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று. கணுக்காலை மேலும் கீழும் அசைக்க முடிகிறதா என்று அடிக்கடி கேளுங்கள். பாதம் தூக்க வராமல் தொங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விடும்வரை கொஞ்ச நேரம் அப்படி இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்வது எங்கள் வேலை. இரண்டாவது, குழாயை எடுத்த பிறகு சிறுநீர் தானாகப் போகிறதா என்பது. மூன்றாவது, முதல் முறை எழுப்பும்போது தனியாக எழ விடாதீர்கள். கட்டிலில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்காரட்டும். தலை சுற்றவில்லை, முகம் வெளுக்கவில்லை, வியர்க்கவில்லை என்றால் வாக்கரைப் பிடித்து நிற்கட்டும். வலி தெரியாமல் இருக்க நரம்புக்கு மருந்து கொடுத்திருந்தால் தொடைத் தசை இன்னும் விழித்திருக்காது. நின்ற மாத்திரத்தில் முட்டி மடிந்துவிடும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ராத்திரி வாக்கில் அம்மா சம்பந்தமில்லாமல் பேசலாம். இறந்துபோன பாட்டியைக் கூப்பிடலாம், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கலாம். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இது வருவதுண்டு. பைத்தியம் பிடித்துவிட்டது என்று அழாதீர்கள், 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடவும் வேண்டாம். ரத்தத்தில் உப்பு குறைவது, சர்க்கரை இறங்குவது, சிறுநீர் கட்டிக்கொள்வது, காய்ச்சல், டிராமடால் மாதிரி வலி மருந்து என்று காரணம் ஏதாவது இருக்கும், நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் போட்டுவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும்.

இப்போது வீடு. முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன்: முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. அம்மா கேட்பார். வீங்கிய முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைத்தால் வலி குறையும், அதனால் கெஞ்சியாவது கேட்பார். ஒரு பாட்டிக்கு மருமகள் ஆசையாக இரண்டு தலையணை வைத்துக் கொடுத்திருந்தார். தையல் பிரித்து ஒரு வாரம் கழித்து வந்தபோது முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்தது. அவ்வளவு மடங்கியே இறுகியிருந்தது. நீளாத முட்டியோடு நடந்தால் நொண்டிதான் நடக்க வேண்டும், தொடை சீக்கிரம் சோர்ந்துபோகும், ஏற்கெனவே இருக்கும் இடுப்பு வலியும் கூடும். முட்டி மடங்குவதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். நீளுவது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, கணுக்காலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்கும், தன் கனத்திலேயே கீழே இறங்கி நீளும். அப்படியே தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடட்டும், பத்து தடவை. தொடைச் சதை கல்லாக இறுகுகிறதா என்று உங்கள் கையை வைத்துப் பாருங்கள், முதல் நாட்களில் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான், போகப்போக வரும். குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் குதிகாலில் புண் வருவதே தெரியாது. தினமும் ஒரு தடவை குதிகாலைத் திருப்பிப் பாருங்கள், சிவந்திருக்கிறதா என்று.

மடக்குவதற்கு: படுத்துக்கொண்டு குதிகாலை மெல்ல உள்ளே இழுக்கட்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டால் மெத்தையில் சுலபமாக வழுக்கும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, மற்றக் காலால் மெல்ல உள்ளே தள்ளலாம். இரண்டு வாரத்தில் 90 டிகிரி, அதாவது நாற்காலியில் உட்காரும் அளவு மடங்கினால் நல்லது. ஆறு வாரத்தில் 110 பக்கம் வந்துவிட்டால் மாடிப்படி, கார், கமோடு எல்லாம் சமாளிக்கலாம். ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்து வீங்கவிட்டு மறுநாள் படுப்பதைவிட, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பத்துப் பதினைந்து நிமிடம் செய்வதுதான் பலன் தரும்.

வலி மாத்திரையில் வீட்டார் செய்யும் தவறு, வலி தாங்க முடியாமல் போன பிறகு கொடுப்பது. 'மாத்திரை அதிகம் சாப்பிட்டால் கிட்னி போயிடும்' என்று அம்மாவே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். டாக்டர் எழுதியதை முதல் இரண்டு வாரம் நேரம் தவறாமல் கொடுங்கள், பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வேளை மாத்திரை விழும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கிட்னி பயம் வேறு விஷயத்தில் நியாயம்தான்: மெடிக்கல் ஷாப்பில் தனியாக டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பது சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து. அதேபோல எழுதிக்கொடுத்ததில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும்போது தலைவலி என்று மேலே ஒரு டோலோ போட்டால் அதுவும் பாராசிட்டமால்தான், அளவு கூடிவிடும். டிராமடால் இருந்தால் மலச்சிக்கலும் குமட்டலும் வரும். வயிறு போகவில்லை என்று நாலாம் நாள் வரை காத்திருக்காமல் முன்னதாகவே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், துணியில் சுற்றி 15, 20 நிமிடம், உடற்பயிற்சிக்குப் பிறகு. வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்ப்பதும் இப்போது வேண்டாம். காயம் ஆறாத இடத்தில் தைலம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது: தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கையகல இடம் மரத்திருக்கும், தோலுக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால். சூடோ ஐஸோ அங்கே அதிகமானால் அம்மாவுக்குத் தெரியாது, தோல் புண்ணாகிவிடும். கெண்டைக்காலை அழுத்தி எண்ணெய் தேய்த்துவிடுவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். அங்கே ரத்தம் உறைந்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு.

இந்த ரத்த உறைவுதான் நான் மிகவும் பயப்படும் விஷயம். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின் அல்லது வேறு ரத்தம் உறையா மருந்து கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் 'வலிதான் குறைஞ்சிருச்சே' என்று அதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாளும் கொடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டட்டும், இரண்டு காலையும். தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். பாத்ரூம் போவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கும் அம்மாக்கள் நிறைய.

நடப்பதற்கு: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், அப்புறம் நல்ல கால். கீழே பார்த்து நடக்காமல் எதிரே பார்த்து நடக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்து, பிறகுதான் வாக்கரைப் பிடிக்க வேண்டும். நீங்கள் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அம்மாவின் தோள் வலிக்கும், உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பழைய துப்பட்டாவை அம்மாவின் இடுப்பைச் சுற்றி இறுக்கமாக முடிச்சுப் போட்டு, பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள்.

இடுப்பு வலி இருப்பவருக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். இடுப்பு வலிக்காரர்களுக்கு மல்லாந்து படுத்து முட்டிக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளத்தான் நாங்களே சொல்வோம். அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு அது முடியாது என்பதால், இடது பக்கம் ஒருக்களித்து, இரண்டு காலுக்கும் நடுவில் தொடையிலிருந்து கணுக்கால்வரை ஒரு நீளத் தலையணை வைத்துப் படுக்கட்டும். திரும்பும்போது தோளும் இடுப்பும் உருளும் மரக்கட்டை போல ஒன்றாகத் திரும்ப வேண்டும். எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழட்டும். படுத்தே கிடந்தால் இடுப்பு வலி குறையாது, கூடத்தான் செய்யும். முட்டி நேராகி நடை நேரானதும் பலருக்கு இடுப்பு வலியும் கொஞ்சம் குறைகிறது. ஆனால் சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் பலவீனமாவது, காய்ச்சலோடு முதுகு வலி இவற்றில் எது வந்தாலும் அது சாதாரண இடுப்பு வலி இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். காயம் ஆறப் புரதம்தான் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், சுண்டல், தயிர் எல்லாம் கொடுங்கள். சர்க்கரைக்கு அரிசியின் அளவை மட்டும் பாருங்கள். ஆபரேஷன் அதிர்ச்சியில் சர்க்கரை கூடலாம், அதனால் முதல் வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடையிலிருந்து கணுக்கால்வரை கன்றிப்போய்க் கருநீலமாக இருப்பது, சாயங்காலம் வீங்குவது, முட்டியைத் தொட்டால் மாதக்கணக்கில் சூடாக இருப்பது, நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வருவது, ராத்திரி தூக்கம் வராமல் சில வாரம் புரள்வது எல்லாம் சகஜம். முதல் இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சலும் வரலாம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்தும் கட்டு நனைகிறது, தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, குளிர் காய்ச்சல், குறைந்த வலி மறுபடி ஏறுகிறது என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். தயவுசெய்து வழியில் மெடிக்கல் ஷாப்பிலோ தெரிந்த டாக்டரிடமோ ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். முட்டியிலிருந்து நீர் எடுத்து என்ன கிருமி என்று பார்க்க வேண்டும். மாத்திரை போட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும், சாகாது. நீட்டிய காலைத் தூக்க முடிந்தவரால் திடீரென்று தூக்க முடியவில்லை என்றாலும் உடனே காட்ட வேண்டும்.

பிசியோதெரபிக்குத் தினமும் வெளியே போக வசதியில்லை என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைக் கொடுத்துவையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் அதையும் காட்டிக் கேளுங்கள்.

இடது முட்டியை மறந்துவிடாதீர்கள். இத்தனை நாள் வலது காலுக்கும் சேர்த்து அதுதான் சுமந்தது. தொடைப் பயிற்சியை இரண்டு காலுக்கும் செய்யச் சொல்லுங்கள். எடை கூடுதல் என்றால் குறைக்கப் பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி இடது கையில் இருக்க வேண்டும், ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க் கையில். நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் கிளம்பிவிடாமல் நர்ஸிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: ரத்தம் உறையா மருந்து எந்தத் தேதிவரை, தையலோ பின்னோ பிரிக்கும் தேதி (பெரும்பாலும் 12 முதல் 14 நாள்), கட்டு நனையாமல் எப்படிக் குளிப்பாட்டுவது, சர்க்கரை மருந்தில் மாற்றம் உண்டா, ராத்திரியில் சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய நம்பர். கிளம்பும் முன் வாக்கரின் உயரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அம்மா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும்.